முத்திரை குத்திய கவரிங்

அத்தியாயம் 11

பசம்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையைப் போன வாரம் பார்த்தோம். மறந்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். மறக்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள் தமிழ்ப்ரியா. அதே தொழிற்சாலையில் மெஷின் பிரிவில் இருக்கிறான் மஞ்சுநாத். இருவரும் விரும்பி, இரண்டு வீட்டையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். பெண்ணுக்கு நகை போடுவதற்காகச் சொந்த ஊரான கௌதள்ளியில் இருக்கும் மஞ்சள் காட்டை விற்கக் கிளம்பினார் அப்பா லிங்கப்பன். காட்டை விற்றால் கல்யாணமே வேண்டாம், கவரிங் போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று மகள் சொல்லிவிட்டாள். லிங்கப்பன் அடங்கினார்.

அம்மா பசம்மா அடங்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் அம்மா கனகலக்ஷ்மியிடம், "அந்த நடிகை கல்யாணத்துல போட்டிருந்தாங்களே, அதே மாலைங். எங்க பொண்ணுக்குத் தங்கத்துல செய்யச் சொல்லியிருக்குது" என்று ஒரு போடு போட்டிருந்தாள்.

எந்த நடிகை என்று என்னைக் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அவருடைய ரசிகர்கள் என் வீட்டு விலாசத்தைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பச்சைக்கல் பதித்த நீள மாலை, நடுவில் இரட்டைத்தலைப் பறவைப் பதக்கம். மைசூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிற அதே பறவைதான். அந்தக் கல்யாணப் படம் வெளியான நாளிலிருந்து இந்த மாலையை நகல் எடுக்காத கவரிங்காரர் கர்நாடகத்தில் இல்லை.

ஆக, கதை இங்கே நிற்கிறது. மகள் கவரிங் என்று சொல்லிப் போட்டுக்கொள்ள நினைக்கிறாள். அம்மா தங்கம் என்று சொல்லிப் போட்டுவிட நினைக்கிறாள். நடுவில் ஒரு கழுத்து.

இன்று சனிக்கிழமை. ப்ரியாவுக்கு விடுமுறை. மத்தியானம் கனகலக்ஷ்மி வரப்போகிறார். மாலையின் கல் நிறத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருத்தமாக நிச்சயதார்த்தப் புடவை எடுக்கவேண்டுமாம். புடவை அவர்கள் வீட்டுச் செலவு, வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்?

காலையில் கூரியர்காரர் மணி அடித்தார். பார்சல் பசம்மாவின் பெயருக்கு வந்திருந்தது.

"பிரிக்காத கண்ணு, நான் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன்!" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. பிரிக்காதே என்று சொன்ன பிறகும் பிரிக்காமல் இருக்கிற பெண் மைசூர் விஜயநகர் குடியிருப்பின் நாலு ஸ்டேஜிலும் தேடினாலும் கிடைக்கமாட்டாள்.

உள்ளே சிவப்பு வெல்வெட் பெட்டி. பெட்டிக்குள் பச்சைக்கல் மாலை, இரட்டைத்தலைப் பறவை.

ப்ரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். அவள் வாங்கி வைத்த மாலை அங்கேயே பத்திரமாக இருந்தது. இரண்டையும் எடுத்துவந்து ஹாலில் டீப்பாய் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

தன்னுடையதை அவள் சும்மா வாங்கிவிடவில்லை. வேலையில் அவளுக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருள் வந்தாலும் முதலில் அதன் குறையைத்தான் தேடுவாள். அதே கேள்வியைக் கவரிங் விற்பவர்களிடமும் கேட்டாள்: இதில் என்ன குறை?

லட்சம் பேர் பின்தொடர்கிற ஒரு கடை, "குறையே கிடையாது மேடம், லைஃப்டைம் கேரண்டி" என்றது. அதை அன்றைக்கே ஒதுக்கிவிட்டாள். இன்னொரு கடை அனுப்பிய படத்தைப் பார்த்தால் நடிகையின் கழுத்தே அதில் தெரிந்தது. உங்கள் கையில் இருக்கும் மாலையை வாசலில் வெயிலில் வைத்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடையிலிருந்து மூச்சே இல்லை.

கடைசியில் அகப்பட்டவள் ஆண்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீதியில், வீட்டு முன்னறையிலேயே வியாபாரம். "வேர்வை பட்டா ஒரு வருஷத்துல பின்பக்கம் கறுத்துரும். சென்ட் அடிச்சா அதுக்கும் முன்னாடி. இந்தத் தலையில இருக்கற கண்ணு பாரு, கல் கொஞ்சம் கோணல். பரவாயில்லன்னா எடுத்துக்கோ, இல்லன்னா வேற வர்றவரைக்கும் பொறு" என்றாள். பில்லில் 'கவரிங்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். ப்ரியா அந்த நிமிடமே வாங்கிவிட்டாள். கோணல் கண்ணோடு அந்தப் பறவையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் நிஜம், காட்டைக் காப்பாற்றுவதற்காக மட்டும் அவள் கவரிங் வாங்கவில்லை, அழகாக இருந்தது என்பதற்காகவும் வாங்கினாள்.

இப்போது அம்மாவின் மாலையை எடுத்து அதே பழக்கத்தில் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொக்கிக்குப் பக்கத்தில் வந்ததும் கை நின்றுவிட்டது.

சின்னதாக ஒரு முக்கோண முத்திரை. 916. அதற்குப் பக்கத்தில் ஆறு எழுத்தில் ஒரு அடையாள எண்.

பசம்மா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாத்துட்டியா? நல்லாருக்குதல்ல?"

"அம்மா, கவரிங்ல எதுக்கும்மா தங்க முத்திரை?"

"அது... அந்தப் பையன் போட்டு அனுப்பியிருப்பான்."

"எந்தப் பையன்?"

"முனிராஜ். நம்ம கௌதள்ளிப் பையன் கண்ணு. போன்லயே யாவாரம் பண்றான். தங்கமான பையன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பசம்மாவுக்குக் கோபம் வந்தது. "எப்புடித் தெரியுமா? போன எடுத்ததும் 'ஏனுங் பெரிம்மா, நல்லாருக்கீங்களா, காட்டுல மஞ்சள் எப்புடிங்'ன்னு கேக்கறான். இந்த ஊர்ல எவன் என்கிட்ட அப்புடிப் பேசறான் சொல்லு? காய்க்காரனுக்குக் கன்னடம், பால்காரனுக்குக் கன்னடம், நீயே பாதி நேரம் கன்னடம். நம்மாட்டப் பேசற ஒரு கொரலக் கேட்டு எத்தன நாளாச்சு."

"யாரு வீட்டுப் பையன்னு கேட்டியா?"

"கேட்டேன். 'எங்களையெல்லாம் எங்கிங் ஞாபகம் இருக்கப் போகுது, நீங்கதான் ஊர உட்டுட்டு டவுனுக்குப் போயிட்டீங்களே'ன்னான். எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அதுக்கு மேல கேக்க மனசு வல்ல."

பாவம் பசம்மா. ஊரை விட்டு வந்தவர்களிடம் அந்த ஒரு வார்த்தை போதும். திருவிழாவுக்குப் போகாதது, சாவுக்குத் தாமதமாகப் போனது எல்லாம் நினைவுக்கு வந்து, எதிராளி என்ன சொன்னாலும் தலையாட்டத் தோன்றும். முனிராஜுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

ப்ரியா அம்மாவின் போனிலிருந்தே அவனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங் பெரிம்மா! மாலை வந்துருச்சுங்களா?"

"பெரிம்மா இல்ல, அவங்க மக பேசறேன். கவரிங்ல 916 முத்திரை போட்டிருக்கீங்களே, இது குத்தம்னு தெரியாதா?"

"அட, தங்கச்சியா! நல்லாருக்கீங்களா கண்ணு?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சிரித்தான். "நானா எதுவும் போடறதில்லீங். கேட்டவியளுக்குத்தான் போட்டுத் தர்றது. பெரிம்மாதான் 'சம்மந்தி ஊட்டுல திருப்பிப் பாப்பாங்க சாமி, தங்கத்துல இருக்கறாட்டவே இருக்கோணும்'ன்னாங்க. வாய்ஸ் மெசேஜ் இருக்குதுங், அனுப்பட்டுங்களா?"

ப்ரியா அம்மாவைப் பார்த்தாள். பசம்மா துண்டை அவிழ்த்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். துவட்டிய தலையையே திரும்பத் திரும்பத் துவட்டினாள்.

"சரி, கௌதள்ளியில நீங்க யாரு வீடு?"

"அங்கதானுங், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால."

"பின்னால எங்க?"

அதற்குள் முனிராஜுக்கு வேறு ஒரு கால் வந்துவிட்டதாம். வைத்துவிட்டான். ப்ரியா தன் போனிலிருந்து மறுபடி அடித்தாள். புது நம்பர் என்றதும் அவன் வேறு மாதிரி எடுத்தான். "ஹலோ, ஹேளி மேடம், யாவ ஊரு நிம்து? சாமராஜநகரா? நம்தூ அதே கடே!" என்று சுத்தமான கன்னடத்தில் அன்பாக ஊரை விசாரித்து, தானும் அந்தப் பக்கம்தான் என்றான். நீங்கள் எந்த ஊர்க்காரரோ அந்த ஊர்க்காரன் அவன்.

பசம்மா அதையும் கேட்டாள். அவளுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

"அவன உடு. நீ எதுக்கும்மா முத்திரை கேட்ட?"

"எதுக்கா?" பசம்மா வெடித்துவிட்டாள். "அவிய ரயில்வே குடும்பம். மூணு தலைமுறையா இந்த ஊர்ல இருக்கறவிய. அந்தம்மா நம்ம ஊட்டுக்குள்ள வந்ததும் செவுத்தப் பாத்தா, சேரப் பாத்தா, காபி டம்ளரப் பாத்தா. என்னையும் பாத்தா. எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. உன்னைய நாளைக்கு அந்தப் பார்வை பாக்கக் கூடாதுன்னுதான்டி சொன்னேன். வாயில வந்துருச்சு. வந்ததத் திருப்பி முழுங்க முடியுமா?"

ப்ரியாவுக்கு அழுகை வந்தது. அம்மா மேல் பாவமாகவும் இருந்தது, ஓங்கி ஒரு சத்தம் போடவேண்டும் போலவும் இருந்தது.

"நான் அவங்க வீட்டுல வாழப் போறேன்மா. ஒரு நாள் இல்ல. தினமும் இந்த மாலைக்குப் பயந்துக்கிட்டு நான் எப்படி இருப்பேன்?"

"நிச்சயம் முடியட்டும் கண்ணு. பொறவு பாத்துக்கலாம்."

"அப்புறம் கல்யாணம் முடியட்டும்ப. அப்புறம் கொழந்தை பொறக்கட்டும்ப."

அப்போது வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மத்தியானம் வருவதாகச் சொன்ன கனகலக்ஷ்மி, புடவைக் கடையில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விடலாம் என்று முன்கூட்டியே வந்துவிட்டார். கூடவே அவருடைய மகள், கல்லூரியில் படிக்கும் ஷ்ரேயா.

டீப்பாய் மேல் இரண்டு மாலைகளும் அப்படியே கிடந்தன. எடுத்து மறைக்க நேரமில்லை.

"வாங் சம்மந்தியம்மா, வாங்" என்று பசம்மா ஈரத்தலையை அள்ளி முடிந்தாள்.

கனகலக்ஷ்மியின் பார்வை நேராக டீப்பாய்க்குப் போனது. நல்ல உயரம், கச்சிதமான காட்டன் புடவை, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை மாதிரி ஒரு தோரணை. அவர் டீச்சர் இல்லை. ஆனால் அவர் முன்னால் யாராக இருந்தாலும் நேராக உட்கார்ந்துகொள்வார்கள்.

"ஹௌதா! அப்படியா, ரெண்டு இருக்கே?" என்றார். ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஓ, புரிஞ்சுது. ஒண்ணு அசல், ஒண்ணு டூப்ளிகேட். ஒரிஜினல் லாக்கர்ல, ஊருக்குப் போகறச்சே போட்டுக்க இன்னொண்ணு. எங்க நாத்தனாரும் இதேதான் பண்ணுவா. ரொம்ப புத்திசாலித்தனம் பசம்மா."

பாருங்கள், பொய்க்கு எப்படி அதிர்ஷ்டம் அடிக்கிறது! ஒரு கவரிங் மட்டும் இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். இரண்டு இருந்ததால் ஒன்று கண்டிப்பாகத் தங்கம் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். நகல் என்று ஒன்று இருந்தால் அசல் என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

பசம்மா தலையாட்டினாள். ஆட்டியே விட்டாள். ப்ரியா அதைப் பார்த்தாள்.

கனகலக்ஷ்மி சோபாவில் உட்கார்ந்து இரண்டையும் திருப்பிப் பார்த்தார். முத்திரை இருந்த மாலையை மடியில் வைத்துக்கொண்டார். ஆண்டாளிடம் வாங்கிய மாலையை இரண்டு விரலால் எடுத்து, டீப்பாய் ஓரத்தில் கிடந்த பழைய செய்தித்தாள் மேல் போட்டார்.

அந்த இரண்டு விரல் ப்ரியாவுக்குச் சுருக்கென்றது. தான் பார்த்துப் பார்த்து வாங்கியது அது.

"எத்தனை பவுன்?"

"பன்னெண்டுங்" என்றாள் பசம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கைக்கு லேசா இருக்கே. இப்பல்லாம் இப்படித்தான் செய்யறாங்க, நோடி, பாருங்க, லைட் வெயிட். ஷ்ரேயா, அந்த முத்திரைய ஒரு போட்டோ எடு. அப்பாவுக்கு அனுப்பணும். கல்யாணம் ஆனதும் எங்க லாக்கர்லயே வச்சுடலாம் ப்ரியா, அதுதான் சேஃப்."

ஷ்ரேயா போனை நீட்டினாள்.

"எடுக்காத ஷ்ரேயா" என்றாள் ப்ரியா.

பசம்மா மகளின் கையைப் பிடித்தாள். ப்ரியா கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் நிறுத்தவும் இல்லை.

"அத்தை, ரெண்டுமே கவரிங்."

கனகலக்ஷ்மி சிரித்தார். "தமாஷ் பண்ணாதேம்மா. முத்திரை இருக்கே."

"முத்திரைதான் பெரிய கவரிங். ஷ்ரேயா, போட்டோ எடுக்கறதுக்குப் பதிலா அந்த நம்பர அரசாங்கத்து ஆப்ல போட்டுப் பாரு."

ஷ்ரேயா அம்மாவைப் பார்த்தாள், ப்ரியாவைப் பார்த்தாள், ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாக அடித்தாள்.

"அம்மா... இது காதுத்தோடுன்னு வருது."

"என்னது?"

"இந்த நம்பர் ஒரு ஜோடித் தோட்டோடது. ஏதோ ஒரு கடையில வித்த தோடு."

எவளோ ஒருத்தி காதில் நிம்மதியாகத் தொங்கிக்கொண்டிருந்த தோட்டின் எண்ணை முனிராஜ் இந்த மாலையில் குத்தி அனுப்பியிருக்கிறான். கனகலக்ஷ்மி மடியிலிருந்த மாலையை மெதுவாக எடுத்து டீப்பாயில் வைத்தார். அவருடைய காது மடல் சிவந்துவிட்டது.

"எங்கள ஏமாத்தப் பாத்தீங்களா பசம்மா?"

பசம்மாவால் நிமிர முடியவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆமா அத்தை" என்றாள் ப்ரியா. "ஏமாத்தப் பாத்தோம். அது தப்பு, அதுக்கு மன்னிச்சிடுங்க. ஆனா நான் கவரிங் போடறதுக்கு யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கமாட்டேன். எங்கப்பா காட்ட வித்துத்தான் நான் மினுக்கணும்னு இல்ல. மஞ்சுவுக்கு இது தெரியும். முதல்லயே சொல்லிட்டேன்."

"மஞ்சுவுக்குத் தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவன்?"

அது ப்ரியாவுக்குப் புதிது. அம்மாவிடம் நானே பேசிவிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான் மஞ்சுநாத். மனதில் அது ஒரு ஓரமாகத் தைத்தது.

கனகலக்ஷ்மி எழுந்து போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் போகவில்லை. கைப்பையைச் சோபாவில் வைத்தார். பிறகு குரல் இறங்கியது.

"இங்க பாரு ப்ரியா. நான் கெட்டவ இல்ல. எனக்குத் தங்கம் முக்கியம் இல்ல. ஆனா எங்க பக்கத்து ஜனங்க வாய் உனக்குத் தெரியாது. நான் கல்யாணமாகி வந்தப்போ என் வளையலைத் தேச்சுப் பாத்தவங்க அவங்க. அவங்க முன்னாடி உன்னை நிக்கவைக்க எனக்கு மனசு வரல. ஒண்ணு பண்ணலாம். என்னோட ஹாரம் லாக்கர்ல இருக்கு. அன்னிக்குக் காலைல கொண்டுவந்து தர்றேன். நீ போட்டுக்கோ. உன்னோடதுன்னே இருக்கட்டும். ஃபங்ஷன் முடிஞ்சதும் குடுத்துடு. நம்ம நாலு பேரத் தவிர ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

பசம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணும் சம்மந்தியம்மா! சரின்னு சொல்லு கண்ணு."

நல்ல யோசனைதான். அன்பான யோசனையும்கூட. நீங்களும் நானுமாக இருந்தால் காலில் விழுந்து சரி என்றிருப்போம். ப்ரியா செய்தித்தாள் மேல் கிடந்த மாலையை எடுத்தாள்.

"வேண்டாம் அத்தை."

"ஏன்? என் நகை உனக்குக் கேவலமா?"

"உங்க நகை நிஜத் தங்கம். ஆனா என் கழுத்துல அது என்னோடதுன்னு சொன்னா, அந்த முனிராஜ் குத்தின முத்திரைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? அம்மா சொன்ன பொய்ய இப்பத்தான் முடிச்சேன். அடுத்த நிமிஷமே நீங்க ஒண்ணு குடுத்தா நான் எங்க போறது?"

"உனக்காகத்தானே சொல்றேன்!"

"எனக்காகன்னா, அந்த ஜனங்க வளையலத் தேச்சுப் பாத்தப்போ நீங்க என்ன சொல்லணும்னு நினைச்சீங்களோ, அத எனக்காகச் சொல்லுங்க. நான் இதத்தான் போட்டுக்குவேன். கவரிங்னு சொல்லித்தான் போட்டுக்குவேன்."

கனகலக்ஷ்மி எழுந்துவிட்டார். இப்போது அவர் குரலில் பழைய தோரணை திரும்பியிருந்தது. "அந்தப் பித்தளையப் போட்டுண்டு நீ மணையில உக்காந்தா, நான் அந்த மண்டபத்துக்கு வரமாட்டேன். பசம்மா, நீங்களாவது உங்க பொண்ணுக்கு எடுத்துச் சொல்லுங்க."

பசம்மாவும் எழுந்தாள். ஈரமுடி அவிழ்ந்து தோளில் விழுந்திருந்தது. காலையிலிருந்து பயந்து பயந்து அவளுக்கு அலுத்துவிட்டது. எதற்குப் பயந்தாளோ அது எல்லாம் இந்த ஹாலில் அவள் கண் முன்னால் நடந்து முடிந்துவிட்டது. அந்தம்மா பார்க்கவேண்டிய பார்வையைப் பார்த்தாகிவிட்டது. இவள் செத்துப்போகவில்லை.

"பொய் சொன்னது நானுங் சம்மந்தியம்மா" என்றாள். "அவ சொல்லல. அவ மொதல்ல இருந்தே ஒரே பேச்சுத்தான் பேசறா. நான் அவளுக்கு எடுத்துச் சொல்ல என்னங் இருக்குது?"

மகளுக்குப் பின்னால் போய் நின்று, அவள் கையிலிருந்த மாலையை வாங்கிக் கழுத்தில் போட்டாள். கொக்கி முதல் தடவை மாட்டவில்லை. இரண்டாவது தடவை மாட்டியது.

"நல்லாருக்குது" என்றாள் கனகலக்ஷ்மியைப் பார்த்து. "எம்பொண்ணுக்கு நல்லா இருக்குதுங்."

கனகலக்ஷ்மி கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். "மஞ்சுகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் திரும்பாமல்.

"அவன்கிட்ட மட்டும் எதுக்கு அத்தை, எல்லாருக்கும் நானே சொல்லிடறேன்" என்றாள் ப்ரியா.

நிச்சயதார்த்தத்துக்கென்று ஷ்ரேயா ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருந்தாள். ரயில்வே பெரியப்பாக்கள், ஹூப்ளி சித்திகள், கௌதள்ளி மாமன்கள் என்று இரண்டு பக்கத்து ஜனமும் அதில் உண்டு. ப்ரியா கழுத்து மாலையோடு தன்னைத்தானே ஒரு படம் எடுத்தாள். முகத்தில் பவுடர் இல்லை, கண் வேறு சிவந்திருந்தது. அப்படியே போட்டாள். கீழே எழுதினாள்: 'நிச்சயதார்த்தத்துக்கு இதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன். இது கவரிங். தங்கம் இல்லை. எனக்குப் பிடித்து வாங்கினேன். கேட்கவேண்டியது இருந்தால் என்னிடம் கேளுங்கள், என் அம்மாவிடம் கேட்கவேண்டாம்.'

அம்மாவுக்காக உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

காருக்குப் பக்கத்தில் நின்ற கனகலக்ஷ்மியின் கைப்பைக்குள் போன் ஒலித்தது. அவர் பையைத் திறக்கவில்லை. காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷ்ரேயா மட்டும் இன்னும் படியில் நின்றாள், போனைப் பார்த்தபடி.

"எல்லாரும் பாக்கறாங்க, அத்திகே" என்றாள். அவள் இன்னும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள் என்பது ப்ரியாவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. "ஒருத்தரும் பதில் போடல. பெரியப்பா டைப் பண்றாரு... நிறுத்திட்டாரு."

"பண்ணட்டும்."

ஷ்ரேயாவின் முகம் மாறியது. குழுவைத் தொடங்கியவள் என்பதால் அந்தச் செய்தி அவள் போனில் மட்டும்தான் வந்தது.

"அத்திகே... மஞ்சு அண்ணா குரூப்ல இருந்து வெளியே போயிட்டான்."

காரிலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. ஷ்ரேயா ப்ரியாவின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடினாள். கார் திரும்பி வீதிமுனையில் மறைந்தது.

பசம்மா மகளின் பக்கத்தில் வந்து நின்றாள். "வெளிய போயிட்டான்னா என்ன கண்ணு அர்த்தம்?"

"தெரியலம்மா. கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கலாம். இல்ல, அவன் சொந்தக்காரங்க யாரும் வேண்டாம்னு போயிருக்கலாம்."

"போன் போட்டுக் கேளு."

"நான் சொல்லவேண்டியதச் சொல்லிட்டேன். இனி அவன் சொல்லட்டும்."

"இப்ப என்ன பண்றது?"

"சோறு போடும்மா. பசிக்குது."

பசம்மா உள்ளே போய்த் தட்டு வைத்தாள். ப்ரியா வந்து உட்கார்ந்தாள். குழம்புக் கரண்டியோடு குனிந்தவள் மகளின் கழுத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"மாலையக் கழட்டி வெச்சுட்டு உக்காரு. கொழம்பு பட்டுரும்."

"பட்டாத் தொடச்சுக்கலாம்மா. ஊத்து."